மயில்வாகனம் டிவிக்கு ஆயுசு கூட்டினார்

மயில்வாகனத்துக்கு ஒரு பொருள் கெட்டுப்போவதென்றால், சொந்தக்காரர் யாரோ படுத்த படுக்கையாகிவிட்ட மாதிரி. அவர் ஓட்டும் சைக்கிளுக்கு அவருடைய மகளைவிட வயது அதிகம். குடையில் கம்பி மட்டும்தான் பழையது, துணி எத்தனை தடவை மாறியது என்று அவருக்கே நினைவில்லை. மிக்ஸி ஜாடியின் மூடி ஒழுகியபோது பட்டு நூலைத் திரித்து அவரே ஒரு வாஷர் செய்து போட்டார், அது இன்னும் ஒழுகாமல் இருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் அவர் தெருவில் இருக்கும் யாரும் "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்று அவர் காதுபடப் பேச மாட்டார்கள். பேசிவிட்டால், அன்றைக்குத் தறியில் ஓட்டிக்கொண்டிருக்கும் நாடாவைக்கூடக் கீழே வைத்துவிட்டு வந்து புத்தி சொல்வார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், ஆயுதபூஜை முடிந்த கையோடு டிவி இருண்டு போனது.

படம் போய்விட்டது, குரல் மட்டும் வந்தது. சீரியலில் யாரோ ஒரு மாமியார் இருட்டுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மயில்வாகனத்தின் மனைவி மங்கையர்க்கரசி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"அழுவறதெல்லாம் நல்லாத்தான் அழுவறா. மூஞ்சியைத்தான் காணோம்," என்றாள்.

மகள் காயத்ரி கல்யாணத்துக்கு முன்னால் தன் சம்பளத்தில் வாங்கி மாட்டிவிட்டுப் போன டிவி அது. தட்டையான, பெரிய திரை. கூடத்தில் தறிக்கு நேர் எதிர்ச் சுவரில் தொங்கியது. காயத்ரி இப்போது கோயம்புத்தூரில் குடித்தனம் செய்கிறாள். மகள் இருந்த இடத்தில் டிவி இருந்தது என்று சொன்னால் மங்கை ஒப்புக்கொள்ள மாட்டாள், ஆனால் சாயங்காலம் தறிக்குழியை விட்டு ஏறியதும் அவள் கை முதலில் ரிமோட்டைத்தான் தேடும். அவள் சீரியல் பார்ப்பது கதைக்காக இல்லை, புடவைக்காக. அந்த மாமியார் யாரை விஷம் வைத்துக் கொன்றாலும் மங்கைக்குக் கவலையில்லை. "வெங்காயக் கலருக்குப் போயி கிளிப்பச்சைக் கரை போட்டிருக்கான் பாருங்க, அறிவு இருக்குதா அவனுக்கு," என்பாள்.

மறுநாள் டிவி ரிப்பேர்க்காரன் தாவீது வந்தான். மங்கை அப்போது வீட்டில் இல்லை, ரேஷன் கடையில் எண்ணெய் போடுகிறார்கள் என்று போயிருந்தாள். தாவீது டிவியைச் சுவரிலிருந்து இறக்கப் போனவன், அதன் மேல் கிடந்த உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"இன்னாண்ணே இது, டிவிக்குப் பட்டுச் சட்டை போட்டு வெச்சிருக்கீங்க?"

மிச்சம் விழுந்த பட்டுத் துணியில் மங்கை தைத்த உறை. டிவியை நிறுத்திய மறுநிமிடம், சூடு ஆறும் முன்பே, தூசு படக் கூடாதென்று அதைக் கழுத்துவரை மாட்டிவிடுவாள். உறையைக் கழற்றினால், நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். ஆயுதபூஜைக்குத் தறிக்கு வைத்த கையோடு டிவிக்கும் வைத்திருந்தாள்.

"மூச்சு முட்டிப் போயிருக்குதுண்ணே," என்றான் தாவீது. பின்பக்கம் கழற்றி, உள்ளே கருகிப்போயிருந்த சின்னச் சின்ன விளக்குப் பட்டைகளை மாற்றினான். தறிக்குழியின் ஈரமும் பட்டுத் தூசும் சேர்ந்து உள்ளே பஞ்சுமெத்தை மாதிரி படிந்திருந்தது. அதையும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தான். மயில்வாகனம் பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

டிவி உயிர்பெற்றது. தாவீது ரிமோட்டை வாங்கி எதையோ அமுக்கிக்கொண்டே போனான். திரையில் வெளிச்சத்தின் அளவைக் காட்டும் நீளக் கோடு ஒன்று வந்தது.

"இதைப் பாருங்கண்ணே. கடையில ஷோவுக்கு வெச்சிருந்த மாதிரியே முழு வெளிச்சத்துல ஓட்டிக்கினு இருந்திருக்கீங்க. இப்புடியே ஓட்டினா பட்டை திரும்பியும் போவும், அப்பாலே திரையும் போவும். திரை போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பாதிக்குக் கீழ எறக்கி வெச்சுக்குங்க, இன்னும் ரொம்ப வருசம் உழைக்கும். சட்டை போடாதீங்க. இடி மின்னல்னா பிளக்கைப் புடுங்கிடுங்க. சந்தனத்தைத் தறியோட நிறுத்திக்குங்க, தண்ணி கீழ எறங்கினா அதோட கதை முடிஞ்சுது."

ரொம்ப வருசம் உழைக்கும் என்ற சொல் மயில்வாகனத்தின் காதில் தேனாகப் பாய்ந்தது. இப்போதே பாதியாக்கிவிடட்டுமா என்று தாவீது கேட்டபோது மட்டும் அவர் தயங்கினார்.

"வோணாம்பா. இருக்கறபடி இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

அவருக்குத் தன் வீட்டுக்காரியைத் தெரியும். ஒரு தடவை காயத்ரி எதையோ அமுக்கி, டிவியின் நிறம் கொஞ்சம் மாறிப்போனது. அது சரியாகும்வரை மங்கை அதன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அரக்குச் சிவப்புக்கும் குங்குமச் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத டிவி எதற்கு என்று கேட்டாள். வெளிச்சத்தை ஒரேயடியாகப் பாதியாக இறக்கினால் வீட்டில் பெரிய பேச்சாகிவிடும்.

அதனால் மயில்வாகனம் ஒரு உபாயம் செய்தார். பட்டுறையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார், அதற்கு மங்கை முணுமுணுத்து ஒப்புக்கொண்டாள். சந்தனம் இனி கிடையாது என்றார், அதற்கும் சரி என்றாள். வெளிச்சத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சில நாளைக்கு ஒரு தடவை, அவள் சமையல்கட்டில் இருக்கும் நேரம் பார்த்து, அந்தக் கோட்டில் ஒரே ஒரு புள்ளி இறக்குவார். இன்றைக்கு ஒரு புள்ளி. அடுத்த வாரம் இன்னொன்று. கண் பழகிவிடும், தெரியவே தெரியாது. அந்தத் தந்திரத்தை நினைத்து அவருக்குள்ளே ஒரு சிரிப்பு. டிவிக்கு ஆயுசு கூடிக்கொண்டிருந்தது, மங்கையும் ஒன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை ஏமாற்றிவிட்டோம் என்று மனிதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே கூடம் இருட்டிக்கொண்டு வந்தது, தறிக்கு மேலே விளக்கைப் போட்டுக்கொண்டு நெய்தார்கள்.

தறியில் ஓடிக்கொண்டிருந்தது கல்யாணப் புடவை, கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதை ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. நெய்கிறவர் உடம்பையும் ஒரு பக்கத்துக் கரையையும் பார்த்துக்கொள்வார். அடுத்த பக்கத்துக் கரைக்குத் தனி நாடா, அதைப் போட இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மயில்வாகனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் மங்கை. கரை நூலும் உடம்பு நூலும் சரியாகக் கைகோத்திருக்கிறதா என்று அவள்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டு "ம்" என்பாள். இழை நெருங்கும்படி அவர் பலகையை இழுத்து அடிப்பார். மறுபடி நாடா ஓடும், மறுபடி "ம்". அவள் பக்கத்தை அவர் ஒரு நாளும் குனிந்து சரிபார்த்தது கிடையாது. வீட்டில் சண்டை போட்டுப் பேச்சு வார்த்தை இல்லாத நாட்களில்கூட அந்த "ம்" மட்டும் தவறாமல் வரும். அவர்கள் குடும்பமே அந்த ஓரெழுத்தில்தான் ஓடியது என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒரு நாள் சாயங்காலம், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது, மங்கை திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏங்க, டிவி கொஞ்சம் மங்கலாத் தெரியலை?"

மயில்வாகனம் அன்று காலையில்தான் ஒரு புள்ளி இறக்கியிருந்தார்.

"மங்கலா? பளிச்சுனுதானே இருக்குது. தாவீது புதுப் பட்டை போட்டுக் குடுத்துக்கீறான், அது எங்க மங்கப் போவுது? நீ போயி கண்ணைக் கழுவிக்கினு வந்து பாரு."

அவள் எழுந்து போனாள். கண்ணைக் கழுவிக்கொண்டுதான் வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து, திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள். தப்பித்தோம் என்று மயில்வாகனம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

அந்த மனிதருக்கு அப்போது ஒரு விஷயம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மங்கைக்குச் சர்க்கரை. அவள் அம்மாவுக்கும் இருந்தது, அந்த அம்மாளுக்குக் கடைசியில் சர்க்கரையாலேயே பார்வை போனது. போன வருஷம் கண் ஆஸ்பத்திரியில் மங்கையைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உள் நரம்பில் லேசாக ஆரம்பித்திருக்கிறது, விடாமல் வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும், மங்கலாகத் தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அவரும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். டிவியின் கண்ணைக் காப்பாற்றுகிற மும்முரத்தில் பெண்டாட்டியின் கண்ணை மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மங்கை புடவைகளைப் பற்றிப் பேசுவதில்லை. டிவி ஓடும், அவள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். தறியிலும் ஏதோ மாறியது. அவளுடைய "ம்" தாமதமாக வந்தது. நூலை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். ஒரு நாள் கரையில் ஒரு இழை விட்டுப்போய், அதைப் பிரித்து மறுபடி நெய்ய வேண்டியதாயிற்று. அப்படி ஒன்று அவள் கையில் நடந்து அவர் பார்த்ததே இல்லை. மழை இருட்டு என்று அவர் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகொரு காலையில் அவர் தறிக்கு இறங்கியபோது, மங்கையின் இடத்தில் துளசி உட்கார்ந்திருந்தாள். துளசி மங்கையின் தங்கை மகள், அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், நன்றாக நெய்யத் தெரிந்தவள்.

"இன்னா துளசி, நீ எங்க இங்க?"

"பெரிம்மாவுக்கு இடுப்பு வலியாம், பெரிப்பா. இந்தப் புடவையை நெய்து முடிச்சு அறுக்கற வரிக்கும் என்னை உக்காரச் சொன்னாங்க."

மயில்வாகனம் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். இடுப்பு வலிக்காரி ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

துளசியின் கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் "ம்" சொல்வதில்லை, "ஓகே பெரிப்பா" என்பாள். அதுவும் நூல் படிகிற முன்பே சொல்வது போல அவருக்குத் தோன்றும். பலகையை அடிக்கும் முன் அவர் குனிந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அடுத்த தடவையும் குனிந்தார். அன்று சாயங்காலத்துக்குள் அவருக்குத்தான் உண்மையான இடுப்பு வலி வந்தது.

இடுப்பைவிட மனசு அதிகம் வலித்தது. இத்தனை வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்தவளுக்கு அலுத்துவிட்டதா? மகளோடு போய் இருக்கலாம் என்று நினைக்கிறாளா? ராத்திரி சாப்பிடும்போது நேராகவே கேட்டார்.

"எங்கூட உக்கார உனக்குப் புடிக்கலியா?"

"இடுப்பு வலிங்க," என்றாள் மங்கை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ரசத்தை ஊற்ற மறந்து அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் இருந்த மயில்வாகனத்துக்கு அது என்ன பார்வை என்று புரியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் துளசி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. தறி ஓடாத நாள். மயில்வாகனம் சாயக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தவர், தெருமுனையில் மழை வலுக்கவே திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் கால் வைத்தார்.

தறியில் மங்கை உட்கார்ந்திருந்தாள், தன் இடத்தில். மேலே விளக்கு எரியவில்லை. பக்கத்தில் புடவையின் மேல் பழைய துணி ஒன்றைப் போட்டு மூடியிருந்தாள். ஓரத்தில், கரை இழைகளின் மேல் மட்டும் அவளுடைய விரல்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு இழையாகத் தொட்டு, உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, வெறும் நாடாவை எடுத்துத் தடவி, மறுபடி அது இருந்த இடத்திலேயே வைத்தாள். அவளுடைய கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன.

மயில்வாகனம் ஈரத் தலையோடு தறியருகே போனார்.

"மங்கை. இன்னா பண்ற?"

அவள் கண்ணைத் திறந்தாள். மாட்டிக்கொண்டோமே என்று ஒரு கணம் விழித்தாள். அப்புறம், எத்தனை நாளைக்குத்தான் மறைப்பது என்று நினைத்தாளோ என்னவோ, நாடாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை பழகிடட்டும்னு பாக்கறேங்க. பார்வை போனப்புறம் கத்துக்க முடியாது இல்ல. இப்பவே கைக்குத் தெரிஞ்சுட்டா, உங்க பக்கத்துலயே உக்காந்துக்கலாம். துளசி எத்தினி நாளைக்கு வருவா."

"பார்வை எதுக்குப் போவுது? யாரு சொன்னது உனக்கு?"

"யாரு சொல்லணும்? எங்கம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துட்டுது. டிவியில நல்லாத் தெரியுது. முன்ன அரக்கு வேற, குங்குமச் செவப்பு வேறன்னு தெரியும். இப்ப ரெண்டும் ஒண்ணா, கருப்பாத் தெரியுது. வாரத்துக்கு வாரம் கொறைஞ்சுக்கினே போவுது. கண்ணையும் கழுவிக்கினு வந்து பாத்துட்டேன்."

மயில்வாகனம் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. தான் இறக்கிய ஒவ்வொரு புள்ளியும் அவள் கண்ணிலிருந்து எடுத்ததாக அவருக்குத் தோன்றியது. சமையல்கட்டில் அவள் இருக்கும்போது திருட்டுத்தனமாக ரிமோட்டை அமுக்கியதும், அமுக்கிவிட்டுத் தனக்குள்ளே சிரித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்து, தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"உன் கண்ணு இல்ல மங்கை. நாந்தான். நாந்தான் டிவியில வெளிச்சத்தைக் கொறைச்சேன். தாவீது சொன்னான், கொறைச்சா ரொம்ப வருசம் உழைக்கும்னு. நீ சத்தம் போடுவியேன்னு சொல்லாம, கொஞ்சம் கொஞ்சமா…"

ரிமோட்டைத் தேடி எடுத்தார். டிவியைப் போட்டு, அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து, கடைசிவரை ஏற்றினார். கூடம் முழுக்க வெளிச்சம் வந்து விழுந்தது. நகைக்கடை விளம்பரம் ஒன்றில் ஒரு பெண் சுற்றிச் சுற்றி ஆடினாள், அவள் புடவையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது.

"பாத்தியா? தெரியுதா?"

மங்கை பார்த்தாள். கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். அவள் முகம் மலரும் என்று அவர் காத்திருந்தார். மலரவில்லை.

"தெரியுதுங்க. ஆனா எனக்காக இன்னும் மேல ஏத்திட்டீங்க. இது முன்ன இருந்ததைவிட ஜாஸ்தி. என்னைத் தேத்தறதுக்குப் பண்றீங்க."

"சத்தியமா இல்ல. முன்ன இதேதான் இருந்துச்சு."

"அன்னிக்கிப் பளிச்சுனு இருக்குதுன்னு சொன்னீங்களே. அதுவும் சத்தியமாட்டந்தான் இருந்துச்சு." குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். "தறியில நான் 'ம்'முன்னா நீங்க என்னிக்காச்சும் குனிஞ்சு பாத்திருக்கீங்களா? பலகையை அடிச்சுடுவீங்க இல்ல? நானும் அப்புடித்தான். நீங்க பளிச்சுனு இருக்குதுன்னு சொன்னீங்க. அப்ப கெட்டுப்போனது என் கண்ணுன்னு வெச்சுக்கினேன். வேற எப்புடி நெனைப்பேன்?"

புருஷன் பொய் சொல்லியிருப்பான் என்று நினைப்பதைவிட, தனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அத்தனை நம்பிக்கையையும் ஒரு டிவிக்காக விற்றுத் தின்றாயிற்று.

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போவலை நீ? உடனே வரச் சொன்னாங்களே."

"போனா சொல்லிடுவாங்க. சொல்லிட்டா நீங்க என்னைத் தறியை வுட்டு ஏத்திடுவீங்க. தெரியாத வரிக்கும் உக்காந்திருக்கலாமேன்னு பாத்தேன். அப்பாலே ஒரு இழை வுட்டுப் போச்சு. அடுத்தவங்க வூட்டுக் கல்யாணப் புடவை, நம்மால கெட வோணாம்னு துளசியைக் கூப்ட்டேன்."

"நாளைக்குக் காலையில போறோம்."

"புடவை அறுத்துட்டுப் போலாங்க."

"புடவை கெடக்குது," என்றார் மயில்வாகனம். தறியில் ஓடும் புடவையைப் பார்த்து அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கண் ஆஸ்பத்திரியில் மங்கையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் மயில்வாகனம். வரும்போது அவருக்குத் தைரியம் இருந்தது, வெளிச்சத்தைக் குறைத்தது தான்தானே என்று. உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தைரியம் கரைய ஆரம்பித்தது. வெளிச்சத்தைக் குறைத்தது தான்தான், சரி. ஆனால் கண்ணும் சேர்ந்தே குறைந்திருந்தால்? வந்து காட்ட வேண்டிய காலமெல்லாம் தாண்டிவிட்டது. அவள் பயந்து மறைத்தாள், அந்தப் பயத்தை ஊட்டியது அவர். நரம்பு அந்த நாட்களில் மோசமாகியிருந்தால் அதற்கு யார் பொறுப்பு? ஏகாம்பரநாதர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். திசை தப்பாக இருக்குமோ என்று சந்தேகம் வந்து, எல்லாப் பக்கமும் திரும்பி ஒரு தடவை கும்பிட்டு வைத்தார்.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். கருவியை நகர்த்தி, மறுபடி பார்த்தார்.

"போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்குது. மோசமாகலை. சர்க்கரையை நல்லா வெச்சிருக்கீங்க போல. ஆனா ஏன் இவ்வளவு நாள் வரலை? இப்படி விட்டுடக் கூடாது."

மயில்வாகனம் சுவரில் சாய்ந்துகொண்டார். கரையில் இழை விட்டுப்போனது கண்ணால் இல்லை, பயத்தால்தான். கண்ணில் தண்ணீர் கட்டியது, அதை அந்த டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"இன்னிக்கு முழுக்க எதுவும் சரியாத் தெரியாது, கூசும். மருந்தோட வேலை, நாளைக்குச் சரியாயிடும். ஐயா, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

ஐயா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோ தெருவுக்குள் வராது, குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். சேறும் கல்லுமாகக் கிடந்த தெருவில், அவர் ஒரு கையில் குடையும் மறு கையில் மனைவியுமாக நடந்தார். கல்யாணத்தன்று அக்கினியைச் சுற்றியபோது பிடித்த கை. அதற்கப்புறம் தெருவில் பிடித்ததில்லை, அவர்கள் தெருவில் யாரும் பிடிப்பதில்லை. எதிர்வீட்டு முனிசாமி வாசலிலிருந்து பார்த்துவிட்டு, "இன்னா, மாப்ள ஊர்வலமா?" என்று கேட்டார். மயில்வாகனம் கையை விடவில்லை.

"பள்ளம் இருக்குது, இடதுகாலை நல்லா எட்டி வெய்யி," என்றார். அவள் எட்டி வைத்தாள்.

சாயங்காலம் மங்கை கூடத்தில் பாயில் படுத்திருந்தாள். மருந்தின் வேகம் இன்னும் போகவில்லை. சீரியல் நேரம் வந்ததும், டிவியைப் போடுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். முந்தின நாள் ஏற்றிய வெளிச்சம் அப்படியே இருந்தது. திரை எரிந்ததும் அவள் ஐயோ என்று கண்ணைப் பொத்திக்கொண்டாள். அவர் பதறிப்போய்க் கோட்டின் அடிவரை இறக்கினார். திரை, விளக்கணைத்த அறை மாதிரி ஆகிவிட்டது. அவர் வந்து பாயில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரு வந்திருக்கா?"

"அந்த மாமியாக்காரி. பக்கத்துல சின்ன மருமவ."

"சின்ன மருமவ இன்னா புடவை கட்டியிருக்கா?"

மயில்வாகனம் திரையைப் பார்த்தார். எழுந்து போய்க் கிட்ட நின்று பார்த்தார். குனிந்தும் பார்த்தார். ஏதாவது ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டால் அவளுக்கு இப்போது தெரியப் போவதில்லை. மாம்பழக் கலர் என்றால் மாம்பழக் கலர்தான்.

"எனக்குத் தெரியல மங்கை," என்றார். "மங்கலா இருக்குது. பச்சையா நீலமான்னு எனக்கே தெரியல."

மங்கையின் தோள் குலுங்கியது. தனக்குப் பார்வை போகிறது என்று நம்பிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அழாதவள், இப்போதுதான் அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொடியில் கிடந்த துண்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தார். அதை நாலாக மடித்துக் கண்ணின் மேல் போட்டுக்கொண்டாள்.

"எனக்குக் கூசாது இப்ப. ஏத்தி வெச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"எம்மாம் தூரம் ஏத்தட்டும்?"

"தெரியற வரிக்கும்."

"பட்டை போயிடப் போவுது, தாவீது திட்டுவான்," என்று அவரே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே மேலே மேலே ஏற்றினார். இருட்டிலிருந்து முதலில் மருமகளின் முகம் வந்தது, அப்புறம் கழுத்து, அப்புறம் புடவை. அவசரப்படாமல், தறியில் தன் பக்கத்து நூலைப் பார்ப்பது போல நன்றாகப் பார்த்தார்.

"உடம்பு மயில்கழுத்து. கரை அரக்கு. கோர்வை இல்ல, சும்மா நெய்தது. ஜரிகையும் டூப்பு."

"கட்டு நல்லா இருக்குதா?"

"கட்டிக்கினு இருக்கறது நல்லா இல்ல. கொசுவம் ஒரு பக்கமா இழுத்துக்கினு கீது."

மங்கை துண்டுக்குள்ளிருந்தபடியே சிரித்தாள். அதை விலக்கிப் பார்க்கவில்லை.